என் கல்யாணத்துக்கு நானே சொன்ன தடை

உலகம் எப்போது முடியும் என்று நாள் குறிக்க முன்வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, வீட்டில் செய்யப் பிடிக்காத வேலை ஏதோ ஒன்று பாக்கி இருக்கும். மீதிப் பேர் பயந்தாங்கொள்ளிகள். நான் இரண்டாவது வகை. ஆனால் அந்த நாளில் யாராவது என் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நான் என்னை மூன்றாவதாக ஒரு வகையில் சேர்த்து வைத்திருந்தேன். தீர்க்கதரிசி.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்தேன். (தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வோம். அங்கே யாரும் எதையும் வாங்க வருவதில்லை. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடத்தான் பார்ப்பார்கள்.) சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பட்டாளத்துக்கு பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும். ஆகவே எங்கோ ராஜாக்கள் அடித்துக்கொண்டதில் ஆம்பூரில் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் ஷாப் வாசலில் வரிசை கட்டி நின்றன.

மத்தியானச் சோற்று நேரத்தில் பட்டைக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து எல்லோருக்கும் பத்திரிகை படித்துச் சொல்வது என் உபரி உத்தியோகம். படித்ததோடு விட்டிருக்கலாம். விளக்கமும் சொன்னேன். வேதத்தில் (எங்களுக்கு வேதம் என்றால் பைபிள்) உலக முடிவைச் சொல்கிற கடைசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதில் வருகிற மிருகங்களுக்கெல்லாம் பத்திரிகையில் வருகிற ராஜாக்களின் பெயரை வைத்தேன். ஜெர்மன் கைசருக்கு நல்லதாக ஒரு மிருகம் கிடைத்தது. துருக்கி சுல்தானுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். சாயபு காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்பதால் அந்த மிருகத்தை ஆள் அமர்த்தாமலே விட்டுவிட்டேன். தீர்க்கதரிசியும் சாப்பிட வேண்டுமே.

எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சாமுவேல் மட்டும் சிரிப்பான். சாமுவேல் என் தோஸ்த். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவன், அதே ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிற வேலை. அந்த வருஷம் கோடையில்தான் அவனுக்கும் ரூத்துக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. மாலையில் வேலை முடிகிற சங்கு ஊதியதும் அவன் வீட்டுக்குப் போகிற வேகத்தைப் பார்த்து ஷாப்பே கேலி செய்யும்.

மழைக்காலம் வந்தபோது அந்த விஷக் காய்ச்சலும் வந்தது. உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு ஆம்பூருக்கும் வந்தது என்று பத்திரிகையில் போட்டிருந்தான். காலையில் இருமிக்கொண்டு வேலைக்கு வந்தவன் மறுநாள் வரமாட்டான். அதற்கடுத்த நாள் அவன் வீட்டிலிருந்து யாராவது அழுதுகொண்டு வருவார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ரூத் போனாள். பெட்டியை நானும் ஒரு பக்கம் தூக்கினேன். அவ்வளவு லேசாக இருந்தது. சாமுவேல் அழவில்லை. வேலைக்கு வந்தான், தோலைப் பிரித்தான், சங்கு ஊதிய பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் காட்பாடி. பெயர் எஸ்தர். அவள் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அண்ணன், சண்டைக்களத்தில் மூட்டை தூக்குகிற கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து பாஸ்ராவுக்குக் கப்பலேறியிருந்தான். எனக்கு அப்பா, அம்மா இல்லாததால் எங்கள் சபை ஐயரே முன்னின்று பேசி முடித்த சம்பந்தம் அது. (போதகரை எங்களில் ஐயர் என்போம்.) பெண் பார்க்கப் போனபோது எஸ்தர் என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் காலம் தள்ளினேன். ரூத்தைப் புதைத்த நாளிலிருந்து அந்தப் பார்வை நினைவுக்கு வந்தாலே பெட்டியின் அந்த லேசும் கூடவே நினைவுக்கு வந்தது.

பயமாக இருக்கிறது என்று சொல்ல ஆம்பிளைக்கு வாய் வருமா? எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வேதம் வந்தது. சண்டை, கொள்ளைநோய், அரிசி விலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆண்டவர் வருகிற நாள் நெருங்கிவிட்டது, இந்த வருஷம் தாண்டாது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதும் மனசு லேசாகிவிட்டது. இனி யாரும் யாரையும் புதைக்க வேண்டாம் பாருங்கள்.

இப்போது ஓலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் நிற்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெண்கள் பக்கத்தில் யாராவது லேசாகச் சிரிப்பார்கள். அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். இரண்டு ஞாயிறு அப்படித்தான் போயிற்று.

மூன்றாவது ஞாயிறு என் மாமனாராக வேண்டியவரே காட்பாடியிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். சமையலுக்கு ஆள் பேச வந்தவர், அப்படியே எனக்குக் கல்யாண வேட்டியும் வாங்கி வந்திருந்தார். முன்வரிசைப் பாயில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் சபையில் உட்கார்ந்திருக்கிற பெருமையோடு உட்கார்ந்திருந்தார்.

ஐயர் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். நின்றார். நான் எழுந்தேன்.

எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். காய்ச்சல் காலம் இல்லையா, பக்கத்தில் இருந்தவர்கள் பாயோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னா ஞானமுத்து, தலை சுத்துதா?" என்றார்.

"இல்லீங்க ஐயரே. தடை இருக்குது."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

ஐயர் ஓலையைக் கீழே வைத்தார். என்ன தடை என்றார். உலகம் முடியப்போகிறது என்றேன். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைக் கிளப்பிவிட்டது. மிருகங்களையெல்லாம் அவிழ்த்து விட்டேன். கைசர், காய்ச்சல், பஞ்சம், ஆளில்லாத அந்த மிருகம் உட்பட எல்லாம் வந்தது. தலைக்கு மேல் நியாயத்தீர்ப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது பெண் கட்டுகிறவனும் கொடுக்கிறவனும் புத்தியில்லாதவர்கள், கட்டியவர்கள் எல்லாம் இன்றைக்கு என்ன கண்டார்கள் என்று கேட்டேன்.

அந்தக் கேள்வி வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எங்கே போய் விழும் என்று எனக்கே உறைத்தது. சாமுவேல் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். நான் நின்றுகொண்டே இருந்தேன். எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

மாமனார் மூட்டையைப் பாயில் வைத்துவிட்டு மெதுவாக எழுந்து என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் பொண்ணு மேல ஏதாச்சும் பேசிக் கேட்டியா தம்பி?" என்றார். அதுவரை அவர் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

இல்லை என்றேன்.

"அப்ப அதையாவது சத்தமா சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ராஜாக்களைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசிய என் தொண்டையிலிருந்து அந்த ஒரு வரி எலி கீச்சிட்ட மாதிரி வந்தது. முன்வரிசை தாண்டிக் கேட்டிருக்காது. அவர் கேட்டுக்கொண்டு, வெளியே போய், ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். வேட்டி மூட்டை பாயிலேயே கிடந்தது.

மறுநாள் ஷாப்பில் சாயபு என்னைக் கூப்பிட்டார். சேதி அவருக்கும் எட்டியிருந்தது. கோபிக்கவில்லை. உலகம் முடிகிற கியாமத் நாள் அல்லாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று தங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், உனக்கு யார் தந்தி கொடுத்தது என்று மட்டும் கேட்டார். பிறகு, பட்டாளத்துத் தோல் புதன்கிழமை ரயிலேற வேண்டும், உலகம் அதுவரைக்கும் தாங்குமா என்று விசாரித்தார். நான் தாங்கும் என்றேன். (என் தீர்க்கதரிசனத்தின் உறுதி அவ்வளவுதான்.)

ஐயர் கோபித்தார். நீ சபையில் சொன்னதை அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொல், சொல்ல முடியாததைச் சபையில் மட்டும் சொல்லாதே என்றார். செவ்வாய்க்கிழமை சாயபுவிடம் லீவு கேட்டுக்கொண்டு காட்பாடிக்கு ரயிலேறினேன்.

அவர்கள் குடியிருந்தது ஜங்ஷனை ஒட்டிய ரயில்வே வீடு. ஒரே அறை. உள்ளே தாழ்வாக ஓர் இரும்புக் கட்டில். அதன் கீழே அடைகாக்கிற கோழி ஒன்று. மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரை இன்னும் கவனமாகப் பார்த்தார். எஸ்தர் ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே, வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"வர்றது நிஜமா?" என்றாள்.

"நிஜம்."

"அப்போ நீங்க ஏன் இப்படி நடுங்குறீங்க?"

பார்த்தேன். தம்ளரில் பாதித் தண்ணீர் என் சட்டையில் இருந்தது.

காலையில் குழாயடிக்குப் போயிருந்தாளாம். நான் தடை சொன்ன சேதி அதற்குள் அங்கேயும் எட்டியிருந்ததாம். உடம்பில் எங்கேயாவது வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாளாம். இன்னொருத்தி, கேட்காமலே குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாளாம். அதை எஸ்தர் அழாமல், குரல் உயர்த்தாமல், சும்மா சேதி சொல்கிற மாதிரி சொன்னாள். நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது.

முதலில் ஒரு நீண்ட ஊதல். ரயில் ஊதல் என்று நினைத்தேன். ஆனால் அது நிற்கவில்லை. அதோடு இன்னொன்று சேர்ந்தது. பிறகு இன்னொன்று. நாலாபுறத்திலிருந்தும் ஒரே சமயத்தில் வானத்தையே கிழிக்கிற மாதிரி ஊதல். நடுவே படார் படார் என்று வெடிச்சத்தம். வேலூர்ப் பக்கத்திலிருந்து மணி ஓசை. நியாயத்தீர்ப்பு நாளில் ஊதுகிற எக்காளம் என்று என் தலைக்குள் யாரோ சொன்னார்கள்.

இந்த நாளுக்காக ஊரையே தயார் செய்த தீர்க்கதரிசி என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு கையையும் விரித்து வெளியே ஓடியிருக்க வேண்டும். நான் "வந்துட்டார்" என்று அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாய்ந்தேன்.

கட்டிலின் உயரம் கோழிக்கு ஏற்றது. தலையும் தோளும் போயின, இடுப்பு போகவில்லை. கோழி முதலில் என் நெற்றியைக் கொத்தியது, பிறகு காதைக் கொத்தியது. என் கன்னத்தின் கீழே ஒரு முட்டை உடைந்தது. அப்படிக் கிடந்த நிலையில் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எஸ்தரின் பாதங்கள் மட்டும்தான். அவை ஓடவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிற சலசலப்பு கேட்டது. பிறகு அந்தப் பாதங்கள் நிதானமாக நிலைப்படியைத் தாண்டி வெளியே போயின.

மாமனாரும் பின்னால் போனார். நானும் கோழியும் இருந்தோம்.

வெளியே ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். கத்தியது என்ன என்று காதில் விழ எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சண்டை முடிந்துபோயிற்றாம். கைசர் ஓடிப்போய்விட்டானாம். தந்தி வந்ததும் ஜங்ஷனில் நின்ற அத்தனை இஞ்சினையும் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மூடுபனிக் காலத்தில் டிரைவருக்கு எச்சரிக்கையாகத் தண்டவாளத்தில் வைக்கிற வெடிகளைக் கொண்டாட்டமாக வெடித்திருக்கிறார்கள்.

எஸ்தர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அப்போதுதான் அவள் அழுவதை முதல்முதலாகப் பார்த்தேன்.

"அண்ணன் வந்துடுவான்" என்றாள். அப்புறம் என் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். இரண்டையும் அவளால் நிறுத்த முடியவில்லை.

என்னால் வெளியே வரவும் முடியவில்லை. மாமனார் கட்டிலை ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் குடும்பம் எனக்குக் கை கொடுத்தது அப்படித்தான்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சண்டை முடிந்தது என்று உனக்கு முன்பே எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

"நீங்க சொன்னதுதான்னு நெனச்சேன். அதான் பார்க்கப் போனேன்."

"பயமா இல்லையா?"

"ஆண்டவரே வாங்க வாங்கன்னு ஆயுசு பூரா ஜெபம் பண்ணிட்டு, வந்த உடனே ஒளிஞ்சுக்கறதா?"

அதற்கு மேல் எனக்கு மிருகங்கள் உதவவில்லை. ரூத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெட்டி எவ்வளவு லேசாக இருந்தது என்று சொன்னேன். சங்கு ஊதிய பிறகும் சாமுவேல் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். "உனக்கு அப்படி ஆயிடுமோன்னு பயம்" என்று சொல்லி முடிக்கும்போது என் குரல் மறுபடியும் எலியாகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது.

 மாமனார் சுவரை விட்டு என்னைப் பார்த்தார். கடைசியில் எஸ்தர், ஓலையை முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன்னால் இதே காரணத்தை ஆம்பூர் கோயிலிலும் காட்பாடி கோயிலிலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றாள். குழாயடிக்காரிகள் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. அதற்கும் முன்னால் சாமுவேலிடம் போக வேண்டும்.

மற்ற இரண்டும் எனக்குச் சுலபமாகத் தெரிந்தன.

மறுநாள் சங்கு ஊதிய பிறகு பட்டைக் குவியல் பக்கம் போய் அவன் அருகில் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்டேன். கட்டியவர்கள் என்ன கண்டார்கள் என்று நான் கேட்டது உன்னை நினைத்து இல்லை என்றேன். பொய். பிறகு, உன்னை நினைத்துத்தான் என்றேன்.

"கேட்டதுக்குப் பதில் வேணுமா?" என்றான். "கொஞ்ச நாள்தான் இருந்தா. அந்தக் கொஞ்ச நாள் இல்லாத வாழ்க்கையைக் கொடுக்கறேன்னு சொன்னா நான் வாங்கமாட்டேன்."

கையில் ஒரு பட்டைத் துண்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ ஊரெல்லாம் பயமுறுத்தினியே, அந்த நாள். அதை நெனச்சுத்தான்டா நான் காலையில எழுந்திருக்கிறேன். அன்னைக்கு அவளைப் பார்ப்பேன் இல்ல? அதைப் போய் நீ பேய்க்கதை மாதிரி சொல்லிட்டே."

அன்றைக்கு வெட்கப்பட்டது போல நான் கட்டிலுக்கு அடியில்கூட வெட்கப்படவில்லை. அதே வேதத்தை நானும் படித்தேன், அவனும் படித்தான். நான் மிருகங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் அதே புத்தகத்தில் கண்ணீரைத் துடைக்கிற ஆண்டவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இருட்டுகிற வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்குப் போய்ச் சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. சாப்பிட்டோம்.

இரண்டு கோயிலிலும் எழுந்து நின்று சொன்னேன். கல்யாணம் நடந்தது. பாயில் கிடந்த வேட்டியை ஐயர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். சாமுவேல்தான் எனக்கு மாப்பிள்ளைத் தோழன். எஸ்தரின் அண்ணன் அடுத்த வருஷம் இளைத்துக் கறுத்து வந்து சேர்ந்தான். பாஸ்ராவில் பட்ட பாட்டையெல்லாம் அவன் சொல்லத் தொடங்குவதற்குள் அவனுக்குக் கட்டில் கதையைச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவன் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. தீர்க்கரே என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறான்.

போன மாதம் எங்கள் மகளுக்கு ஓலை வாசித்தார்கள். காலம் இப்போதும் நன்றாக இல்லை. ஷாப்புகளில் வேலை கம்மி, பாதிக் குழி காய்ந்து கிடக்கிறது. மறுபடியும் சீமையில் சண்டை வரும் என்று பத்திரிகையில் தினமும் எழுதுகிறான். படிக்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயம் வந்தால் இப்போது எஸ்தரிடம் சொல்லிவிடுகிறேன். அவள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வாங்க, ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாம் என்பாள்.

மூன்றாவது ஞாயிறு நான் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்ததும் என் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நெருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். என்னடா என்றேன். அம்மா உட்காரச் சொன்னாங்க என்றான் பெரியவன். புது ஐயர், வெளியூர்க்காரர், அவருக்குக் கதை தெரியாது. ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். சபை முழுவதும், வயசானவர்கள் ஒருவர் விடாமல், என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் எஸ்தரும் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து என் கால் மரத்துவிட்டது. வலி தாங்காமல் லேசாக அசைந்து உட்காரப் பார்த்தேன். இரண்டு பயல்களும் ஆளுக்கொரு பக்கமாக என் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.